தினமும் போ டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

கட்டடக்கலை படித்து முடித்த ஒரு தம்பி, அடுத்த மாதம் லண்டனில் ஓர் அலுவலகத்தில் சேரப் போகிறார். காலருக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி விரிந்து நிற்கும் போ டை மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. "ரிசப்ஷனுக்கு இல்லை, தினமும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக நினைக்கிறேன். வேஷம் போட்ட மாதிரி இருக்குமா? போகலாம் என்றால் எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். நான் 14 வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டராக இருக்கிறேன். வேலை நாளில் என் கழுத்தில் போ டை இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆனால் 'போகலாம்' என்ற ஒரு சொல் உங்கள் தயக்கத்தைப் போக்காது. போ டை யாருடைய உடையாக இருந்தது என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் தானாகக் குறையும்.

நம் ஊரில் இதை எங்கெல்லாம் பார்த்திருக்கிறோம்? மேஜிக் காட்டுபவர், பெரிய ஓட்டலில் பரிமாறுபவர், மேடையில் கோட் போட்டு நிற்கும் மாப்பிள்ளை, முதல் பிறந்தநாளில் எலாஸ்டிக் வைத்த சிவப்பு டை கழுத்தை உறுத்த அழுதுகொண்டிருக்கும் குழந்தை. எல்லாமே ஒரு நாள் உடை, இல்லாவிட்டால் சீருடை. அதனால் போ டை என்றாலே விசேஷம் என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கேயும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரவு விருந்துக்குக் கறுப்பு கோட்டும் கறுப்புப் பட்டு போ டையும் என்று ஒரு வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைத்தது. அதற்கும் மேல்படி ஒன்று உண்டு. நோபல் பரிசு விழா போன்ற இடங்களில் வால் வைத்த கோட்டும் வெள்ளை போ டையும் போட வேண்டும். இது ஒரு கிளை. நீங்கள் கேட்பது இன்னொரு கிளையைப் பற்றி. மேஜைமேல் குனிந்து வேலை செய்தவர்கள் அதைச் சேர்ந்தவர்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் 30 வருஷப் போர் நடந்தபோது பிரான்சுக்காகச் சண்டையிட வந்த குரோவேஷியப் படைவீரர்கள் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றி முடிந்திருந்தார்கள். பாரிஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. குரோவேஷியரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அந்தத் துணிக்குக் 'கிராவட்' என்று பெயர் வந்தது. அடுத்த 200 வருஷங்களில் அது நீண்டது, குறுகியது, பல சுற்றுகளாக ஏறியது. அதில் ஒரு வடிவம் போ டை ஆயிற்று, இன்னொன்று நீள டை ஆயிற்று. போ டை கழுத்தோடு நின்றுவிடும். நீள டை வயிறு வரை தொங்கும். அன்றாட வேலையில் இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1919ல் ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிய வால்டர் குரோபியஸ் போ டைக்காரர். 1951ல் சண்டிகர் நகரை வடிவமைக்கும் வேலையைக் கையில் எடுத்த லெ கொர்பூசியேவை நினைத்தாலே தடித்த வட்டக் கண்ணாடியும் போ டையும்தான் கண்முன் வரும். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த லூயிஸ் கான், கொஞ்சம் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்த போ டையோடுதான் பெரும்பாலான படங்களில் இருப்பார். 1974ல் அவர் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்ததுகூட அகமதாபாத் போய்விட்டுத் திரும்பிய வழியில்தான்.

இவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால வரைபலகையை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த பலகை, டிரேசிங் தாள், டி ஸ்கொயர், இன்னும் காயாத இந்தியன் இங்க் கோடு. அதன்மேல் நீள டை கட்டிய ஒருவர் குனிகிறார். டை நுனி ஒரு தரம் உரசினால் காலையிலிருந்து போட்ட கோடு முழுக்க வீண். சட்டைப் பொத்தானுக்குள் செருகிக்கொண்டு வரைந்தவர்கள் உண்டு. போ டைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. இன்று நீங்கள் கணினியில் வரையலாம். ஆனாலும் மாடல் செய்யும்போது பசையும் கத்தியும் வைத்துக்கொண்டு குனியத்தான் போகிறீர்கள்.

என் துறையில் இந்தக் காரணம் இன்னும் அழுத்தமானது. 2004ல் நியூயார்க் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் மருத்துவப் பணியாளர்கள் 42 பேரின் நீள டைகளைச் சோதித்தார்கள். 20 டைகளில் நோய் உண்டாக்கக்கூடிய கிருமிகள் இருந்தன. அதே இடத்துப் பாதுகாப்புக் காவலர்கள் 10 பேரின் டைகளில் ஒன்றில்தான் இருந்தது. இதை வைத்து டை வழியாக நோயாளிக்கு நோய் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. டையில் கிருமி இருந்தது என்பது மட்டும்தான் தெரிகிறது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். சட்டையைத் தினமும் துவைக்கிறோம். டையை யார் துவைக்கிறார்கள்? அது ஒவ்வொரு கட்டிலின்மேலும் உரசிக்கொண்டே போகிறது. 2007ல் பிரிட்டன் சுகாதாரத் துறை, முழங்கைக்குக் கீழே சட்டைக் கை, கடிகாரம் எதுவும் வேண்டாம், நோயாளியைப் பார்க்கும்போது டையும் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இங்கே நிறைய டாக்டர்கள் டையை அடியோடு விட்டது அப்போதுதான். கழுத்தில் ஏதாவது இருந்தால்தான் வேலைக்கு வந்த உணர்வே வரும் என்கிற என் போன்ற சிலர் போ டையோடு நின்றுகொண்டோம். அதுவும் துணிதான். அதனால் நான் பருத்தியில்தான் கட்டுகிறேன். ஒரு தரம் கட்டியதைத் துவைக்காமல் மறுபடி கட்டமாட்டேன்.

குழந்தைகள் வார்டில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நீள டையைப் பார்த்தால் ஒரு வயசுக் குழந்தை என்ன செய்யும்? பிடித்து இழுக்கும். அந்தப் பிடி நம் கழுத்தை இறுக்கும். கையால் கட்டிய போ டையின் நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும், அவ்வளவுதான். பல மாதம் சிகிச்சைக்கு வந்துபோன நாலு வயசுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு தடவையும் முதல் காரியமாக என் டையை இழுத்து அவிழ்ப்பாள். நான் கண்ணாடி இல்லாமல் அவள் முன்னாலேயே திரும்பக் கட்டுவேன். அவள் விரல் விட்டு எண்ணுவாள். இருபதுக்குள் கட்டிவிட்டால்தான் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைக்க அனுமதி. அமெரிக்காவில் 1982 முதல் 1989 வரை சர்ஜன் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக இருந்து புகைபிடிப்பதற்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்திய எவரெட் கூப்பும் போ டைக்காரர். அதற்கு முன் பல வருஷம் பிலடெல்பியாவில் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சர்ச்சிலின் டை எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், அரசியலுக்கு முன் கன்சாஸ் சிட்டியில் ஆண்கள் உடைக்கடை வைத்திருந்தவர். அடிக்கடி போ டை கட்டுவார். ஜனாதிபதி நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் வழக்கை விசாரித்து 1973ல் பதவி பறிக்கப்பட்ட ஆர்ச்சிபால்ட் காக்ஸும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2010 வரை 34 வருஷம் இருந்த நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸும் அன்றாடம் போ டை கட்டியவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பில் ஆண்கள் சூட்டும் போ டையுமாகத் தெருவில் நிற்பது ஒழுக்கத்தையும் சுயமரியாதையையும் காட்டுகிற அடையாளம். இவர்களில் யாரும் விருந்துக்குக் கிளம்பியவர்கள் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போனவர்கள்.

சரி, கட்டுவதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முன்னமே கட்டிக் கொக்கி வைத்து விற்பதை வாங்காதீர்கள். கிளிப் வைத்ததை வாங்கவே வாங்காதீர்கள். காசு மிச்சம், நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தினமும் ஒரே அச்சாக, இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் நிற்கும் அந்த முடிச்சுதான் சீருடை மாதிரி தெரிகிறது. நீங்கள் பயப்படுகிற வேஷம் அங்கேதான் இருக்கிறது. கையால் கட்டியது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு மாதிரி வரும். ஒரு பக்கம் லேசாகச் சாயும், நடுவில் ஒரு குழி விழும். அது உங்கள் கை பட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

நான் முதலில் வாங்கிய டையோடு மூன்று நாள் போராடினேன். படம் பார்த்துப் பார்த்துக் கட்டியும் வரவில்லை. அந்தச் சமயம் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். கண்ணாடி முன்னால் நான் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பாடு? ரிப்பன் பூ தானடா இது" என்றாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று, ஒரு நிமிஷத்தில் கட்டி முடித்தாள். பள்ளிக்கூட நாளெல்லாம் ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிய கை, அப்புறம் தன் மகளுக்கும் கட்டிய கை. அது அதே முடிச்சுதான். நம் ஊரில் எந்தத் தெருவில் தேடினாலும் போ டை கட்டத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்கள் போ டையையே பார்த்திருக்காவிட்டாலும். உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு ரிப்பனைக் கொடுத்துக் கட்டச் சொல்லி, கையைப் பாருங்கள். ஷூ லேஸ் கட்டத் தெரிந்தால் உங்களுக்கும் முக்கால்வாசி தெரியும்.

முறை இதுதான். காலரைத் தூக்கிவிட்டு டையைக் கழுத்தில் போடுங்கள். இடது நுனி வலதைவிட இரண்டு விரற்கடை கீழே தொங்கட்டும். நீளமானதைக் குட்டையானதன்மேல் போட்டு, அடியிலிருந்து மேலே இழுத்து, கழுத்தோடு ஒட்டும்படி இறுக்குங்கள். இப்போது குட்டை நுனியை அகலமான இடத்தில் மடித்துக் குறுக்காகப் பிடித்தால் போ வடிவம் வந்துவிடும். அதை இரண்டு விரலால் தொண்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு, நீளமான நுனியை அதன் நடுவில் முன்பக்கமாகத் தொங்கவிடுங்கள். கடைசியாக, தொங்குகிற நுனியையும் நடுவில் மடித்து, அந்த மடிப்பை முன்னால் இருக்கும் போவின் பின்பக்கச் சந்து வழியாகத் தள்ளுங்கள்.

எல்லாரும் திணறுவது அந்தச் சந்தில்தான். கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். முன்னால் இருக்கும் போவை இரண்டு கையாலும் லேசாக முன்பக்கம் இழுத்து ஒட்டிப் பிடித்தால் பின்னால் இடைவெளி திறக்கும். ஆள்காட்டி விரல் நுழைகிற அளவு போதும். உள்ளே தள்ளியபின் நுனிகளை இழுக்காதீர்கள், அவிழ்ந்துவிடும். மடிப்புகளைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தால்தான் இறுகும். ஒவ்வொரு பக்கமும் ஒரு மடிப்பும் ஒரு நுனியும் நிற்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறிக் குழப்பினால், உட்கார்ந்துகொண்டு முழங்காலுக்கு மேலே தொடையில் கட்டிப் பழகுங்கள். சுற்றளவு கிட்டத்தட்ட கழுத்து அளவுதான், கையும் கண்ணுக்கு நேரே இருக்கும். ஒரு வாரம் தினமும் பத்துத் தடவை தொடையில் கட்டினால் அடுத்த வாரம் கழுத்தில் தானாக வந்துவிடும்.

வாங்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். நுனி விரிந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பது ஒரு வகை. பட்டையாக, நேராக இருப்பது இன்னொரு வகை. முதல் வகை பெரிதாகத் தெரியும், மாலை வேளைக்கு அழகு. அலுவலகத்துக்குப் பட்டையானது, இரண்டு அங்குலத்துக்குள். கட்டி முடித்தபின் போவின் அகலம் உங்கள் முக அகலத்தைத் தாண்டவும் கூடாது, இரண்டு கண்ணின் வெளி ஓரங்களுக்கு உள்ளே சுருங்கவும் கூடாது. கழுத்துப் பட்டையில் அளவைக் கூட்டிக் குறைக்கக் கொக்கி வைத்தது இருந்தால் நல்லது. உங்கள் சட்டைக் காலர் அளவில் கொக்கியை மாட்டிக்கொள்ளலாம். மடித்த சாதாரணக் காலர் போதும். நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காலர் விருந்து உடைக்கானது, அலுவலகத்தில் அதைத் தொடாதீர்கள்.

துணியில் பளபளக்கும் சாட்டின் வேண்டாம். குளிர்காலத்துக்குக் கம்பளி, மற்ற நாளுக்குப் பருத்தி, கொஞ்சம் மங்கலான பட்டு. கோடைக்கு மெட்ராஸ் துணியை விட்டால் வேறு இல்லை. நம் கைலிக் கட்டம்தான்! கைத்தறியில் கட்டம் கட்டமாக நெய்து கப்பலேறிய துணி 1960களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களுக்குப் பித்துப் பிடிக்க வைத்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். இன்றும் அங்கே கோடைப் போ டை என்றால் மெட்ராஸ் கட்டம் இல்லாத கடை கிடையாது, அதன் பெயரே 'மெட்ராஸ்'.

நான் ஒரு தடவை மதுரை போனபோது கட்டம் போட்ட கைத்தறித் துணி ஒன்றரை மீட்டர் வாங்கி, என் பழைய டை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, தெரிந்த டெய்லரிடம் தைக்கச் சொன்னேன். அவர் காலருக்கு வைக்கிற கேன்வாஸை உள்ளே வைத்து அருமையாகத் தைத்துவிட்டார். கையில் வாங்கினால் அட்டை மாதிரி விறைப்பாக நிற்கிறது, முடிச்சே விழவில்லை. இருவரும் மாதிரி டையின் தையலைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒரு மடிப்பு, அவ்வளவுதான். மறுநாள் ஒரு பழைய வேட்டித் துண்டை உள்ளே வைத்து ஆறு டை தைத்துக் கொடுத்தார். அதில் மூன்று இன்னும் வாரா வாரம் என் கழுத்தில் ஏறுகின்றன. நீங்கள் கிளம்புவதற்கு முன் உங்கள் ஊர் டெய்லரிடம் இதைச் செய்துகொண்டு வாருங்கள். உள்ளே என்ன வைக்க வேண்டும் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போ டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டே ஆக வேண்டும். லண்டனில் அது சுகம். மே மாதச் சென்னையில் அது வதை. ஊருக்கு வரும்போது நான் கட்டுவதில்லை.

இனி, மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது. லண்டன் கட்டடக்கலை அலுவலகங்களில் இன்று பெரும்பாலானவர்கள் டையே கட்டுவதில்லை. அதனால் உங்கள் கழுத்தைக் கவனிக்கத்தான் செய்வார்கள். முதல் வாரம், "இன்று ஏதாவது விசேஷமா?" என்று நாலு பேர் கேட்பார்கள். "இல்லை, எனக்கு இது பிடிக்கும், தினமும் கட்டுவேன்" என்று சொல்லுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம், விளக்கமும் தர வேண்டாம். மூன்றாவது வாரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் சொல்வது முதல் நாளே கட்டிக்கொண்டு போங்கள் என்றுதான். முதல் நாள் கட்டினால் 'இவர் உடை இது' என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் பழகியபின் திடீரென்று கட்டிப்போனால்தான் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்கட்டும். வெளிர்நீலச் சட்டை, கருநீல டையில் சின்ன வெள்ளைப் புள்ளி, மேலே ஒரு சாம்பல் ஸ்வெட்டர் அல்லது சாதாரணக் கோட். அதே துணியில் பாக்கெட் கைக்குட்டை, தோளில் சஸ்பெண்டர், தொப்பி என்று சேர்த்துக்கொண்டே போனால் நாடகத்துக்குக் கிளம்பிய மாதிரிதான் இருக்கும். உடம்பில் கண்ணை இழுக்கும் விஷயம் ஒன்று போதும். கட்டட சைட்டுக்குப் போகும் நாளிலும் கழற்றத் தேவையில்லை. தலைக்கவசத்தின் பட்டைக்கும் பாதுகாப்பு மேலாடைக்கும் அது இடைஞ்சல் செய்யாது, எந்திரத்தில் சிக்கும்படி எதுவும் தொங்கவும் தொங்காது.

ஆரம்பத்தில் மூன்று டை போதும். சாயங்காலம் வந்ததும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழு முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். காலையில் நேரம் மிச்சமாகுமே என்று முடிச்சோடு தலை வழியாகக் கழற்றி வைக்காதீர்கள். அதே இடத்தில் மடிப்பு விழுந்து துணி அங்கேயே நைந்துபோகும். அவிழ்த்து ஹாங்கரில் தொங்கவிடுங்கள், காலையில் சுருக்கம் இறங்கியிருக்கும். பருத்தி என்றால் வெந்நீர் வேண்டாம், கொஞ்சம் சோப்பில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயப்போடுங்கள். மெட்ராஸ் கட்டத்தை முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள். அது சாயம் விடும்.